பின்பக்கத்து அறை

நடுவர் அவர்களுக்கும் இரண்டு அணியினருக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குக் கிடைத்த நேரத்தை வாழ்த்துரையில் கரைக்க மனமில்லை. நேராக வழக்குக்கு வருகிறேன்.

ஜேன் ஆஸ்டின் எழுதி 1813-ஆம் ஆண்டு வெளியான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், காதல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஒரு வீடும் நிலையான வாழ்வும் வேண்டும் என்பதற்காகவே பாதிரியார் காலின்ஸை மணக்கிறாள் சார்லட் லூக்கஸ். அவள் செய்தது விவேகமா, வீழ்ச்சியா என்பது இன்றைய தலைப்பு. விவேகமே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலின்ஸுக்கு வயது இருபத்தைந்து. பென்னட் குடும்பத்தின் லாங்போர்ன் சொத்து பெண் பிள்ளைகளுக்குச் சேராமல், ஆண் வாரிசு என்ற முறையில் பிற்காலத்தில் இவருக்குப் போக வேண்டியது. அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியை மணந்து அந்தக் குறையை ஈடுசெய்யலாம் என்று வந்தவர், முதலில் எலிசபெத்தைக் கேட்கிறார், அவள் மறுக்கிறாள். மூன்று நாளுக்குள் அவர் எலிசபெத்தின் நெருங்கிய தோழி சார்லட்டிடம் போய் நிற்கிறார். இருபத்தேழு வயதான சார்லட் சம்மதிக்கிறாள். காலின்ஸ் நல்ல துணை என்று நான் வாதாடப் போவதில்லை. தற்பெருமையும் அடிபணிதலும் ஒன்றாகக் குழைந்த மனிதர் அவர். தம் வீட்டிலிருந்து தெரியும் வயல்கள் எத்தனை, தொலைவில் உள்ள தோப்பில் மரங்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்லத் தெரிந்தவருக்கு, தம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் படிக்கத் தெரியாது. இதையெல்லாம் எதிரணியினர் விரிவாகச் சொல்லிவிட்டார்கள், அத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எதிரணித் தலைவர் சொன்ன ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. “கூட்டில் அடைபட்ட கோழிக்கும் சார்லட்டுக்கும் ஒரே ஒரு வேறுபாடுதான், கோழியைத் துரத்திப் பிடித்து அடைக்க வேண்டும், சார்லட் தானே நடந்து போய் உள்ளே நுழைந்து கதவையும் சாத்திக்கொண்டாள்” என்றார். அரங்கம் கைதட்டி ஓய நெடுநேரம் ஆயிற்று. நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை அந்தக் கைதட்டலின் நடுவிலேயே மடித்து வைத்துவிட்டேன். இருநூறு ஆண்டுகளாக ஒரு பெண்ணைப் பார்த்து உலகம் சிரித்துவரும் சிரிப்பு அது. அதற்கு விடை சொல்லாமல் வேறு எதைப் பேசினாலும் நான் இந்த மேடைக்கு வந்ததற்குப் பொருளில்லை.

அவள் தானே நடந்து போனாள் என்பது உண்மை. அந்தக் காட்சியை ஆஸ்டின் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். லூக்கஸ் வீட்டின் மேல்மாடிச் சன்னலில் நிற்கிறாள் சார்லட். காலை நேரம். யாருக்கும் தெரியாமல் லாங்போர்னிலிருந்து நழுவி, தங்கள் வீட்டை நோக்கி வேகமாக வந்துகொண்டிருக்கும் காலின்ஸ் அவள் கண்ணில் படுகிறார். உடனே கீழே இறங்கி, தற்செயலாகச் சந்தித்ததைப் போல் அவரைச் சந்திப்பதற்காகப் பாதைக்குப் போகிறாள். எதிரணித் தலைவருக்கு இந்த இடத்தில் ஒரு கோழி தெரிகிறது. எனக்கோ, படியில் இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தன் வாழ்நாள் கணக்கு முழுவதையும் போட்டு முடித்த ஒரு பெண் தெரிகிறாள். அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தாய் அழுது வற்புறுத்தவில்லை, தந்தை அதட்டவில்லை. அந்த நாவலில் திருமணத்தைப் பற்றி இத்தனை தெளிவோடு, வேறு ஒருவருடைய கண்ணீருக்கோ கட்டளைக்கோ ஆட்படாமல் முடிவெடுத்த பெண்கள் மிகச் சிலரே.

கூடு என்றீர்கள். கூட்டைப் பற்றிப் பேசுகிறவர் கூட்டுக்கு வெளியே என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலின்ஸே எலிசபெத்திடம் தம் விருப்பத்தைச் சொல்லும்போது ஒரு கணக்குச் சொல்கிறார்: உன் தாயார் காலமான பிறகு உனக்கு வரக்கூடியது ஆயிரம் பவுன், அதுவும் நான்கு சதவீத வட்டியில் இருப்பது. ஆண்டுக்கு நாற்பது பவுன். ஆண்டுக்கு இரண்டாயிரம் பவுன் வருமானமுள்ள வீட்டில் பிறந்த பெண்ணின் நிலையே இது. சார்லட்டின் தந்தை சர் வில்லியம், வணிகத்தை விட்டுவிட்டுப் பட்டத்தின் பெருமையில் வாழ்கிறவர். பல பிள்ளைகள் உள்ள குடும்பம்; மூத்தவளான சார்லட்டுக்குக் கொடுக்கப் பெற்றோரிடம் அதிகம் இல்லை என்று நாவலே சொல்கிறது. கல்லூரி வாசல் அவளுக்குத் திறந்திருக்கவில்லை. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி தொடங்கப்பட்டதே 1869-இல்தான். மானம் மரியாதையோடு செய்யத்தக்க வேலை என்றால், அடுத்தவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, வேலைக்காரர்களோடும் சேராமல் வீட்டாரோடும் சேராமல் மாடியறையில் தனித்து வாழும் வேலை ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால், தந்தைக்குப் பின் தம்பிமார் வீட்டில் ஒரு மூலை.

அவளுடைய நிச்சயதார்த்தச் செய்தி கேட்டு வீட்டில் நடந்தது என்ன தெரியுமா? தங்கைமார், தாங்கள் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே விருந்துகளுக்குப் போகலாம் என்று மகிழ்கிறார்கள். சகோதரர்கள், அக்காள் கன்னியாகவே இருந்து சாவாளோ என்ற அச்சம் நீங்கியது என்று நிம்மதி அடைகிறார்கள். அவளோடு ஒரே மேசையில் உண்டு வளர்ந்தவர்களின் நெஞ்சில் இத்தனை நாளும் இருந்தது இந்த அச்சமே. தாயார் லூக்கஸ் சீமாட்டி, பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருப்பார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். அந்தக் கணக்கு எனக்குக் கசக்கிறது, அதை நான் காக்க முன்வரமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவள் சார்லட் இல்லை. தனக்கு வேண்டியது இன்னது என்று அவள் தோழியிடம் வாய்விட்டே சொல்கிறாள்: நான் கற்பனையில் மிதக்கிறவள் இல்லை, என்றுமே அப்படி இருந்ததில்லை, நான் கேட்பதெல்லாம் வசதியான ஒரு வீடு. அந்த வார்த்தையில் ஏமாற்று இல்லை. காலின்ஸிடம் காதல் வசனம் பேசி அவரை அவள் மயக்கவும் இல்லை. காதல் வசனம் முழுவதையும் அவரே பேசிக்கொண்டார்.

இனிக் கோழிக்கு வருகிறேன். ஆஸ்டினின் நாவலில் சார்லட் உண்மையிலேயே கோழி வளர்க்கிறாள். காலின்ஸ் பாதிரியாராக இருக்கும் ஹன்ஸ்போர்டில் ஆறு வாரம் தங்கிவிட்டு விடைபெறும் எலிசபெத், தோழியை இப்படிப்பட்டவரோடு விட்டுப்போகிறோமே என்று வருந்துகிறாள். உடனே, அவளுடைய வீடும் வீட்டு நிர்வாகமும், அவளுடைய திருச்சபை வட்டாரமும் கோழிகளும் இன்னும் அவளுக்குச் சலிக்கவில்லை என்றும் எண்ணிக்கொள்கிறாள். கிராமத்துப் பாதிரியார் வீட்டில் கோழிப்பண்ணையும் பால்மாடும் வீட்டுத்தலைவியின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஸ்டீவன்டன் பாதிரியார் இல்லத்தில் ஜேன் ஆஸ்டினின் தாயாரே கோழியும் மாடும் வைத்துப் பெரிய குடும்பத்தின் சாப்பாட்டு மேசையை நிரப்பியவர். ஆகவே அந்தக் கோழிகளை எழுதியபோது ஆஸ்டின் யாரையும் எள்ளி நகையாடவில்லை. தாம் கண்ணால் கண்ட ஓர் உழைப்பை எழுதினார். எதிரணித் தலைவர் கோழியைக் கூட்டுக்குள் பார்த்தார். சார்லட்டோ தீவனக் கூடையோடு கூட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

கோழியால் செய்ய முடியாத ஒன்றையும் அவள் செய்தாள். இந்த நாவலில் நான் மிகவும் நேசிக்கும் இடம் அது. 30-ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்திக்குள் வந்து போய்விடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் தவறவிட்டுவிடலாம்.

ஹன்ஸ்போர்டு வீட்டில் முன்பக்கம் ஒரு நல்ல அறை இருக்கிறது. அளவிலும் பெரியது, வெளிக்காட்சியும் இனியது. ஆனால் சார்லட் தான் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கப் பின்பக்கத்து அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எலிசபெத்துக்கு முதலில் இது விளங்கவில்லை. நல்ல அறை இருக்கும்போது இவள் ஏன் இங்கே உட்காருகிறாள் என்று வியக்கிறாள். பிறகு புரிகிறது. காலின்ஸின் படிப்பறை சாலையைப் பார்த்தது. யார் வண்டி போகிறது, தமக்குப் பதவி தந்த காத்தரின் சீமாட்டியின் ரோசிங்ஸ் மாளிகையிலிருந்து யார் வருகிறார்கள் என்று சன்னல் வழியே பார்த்துக்கொண்டே அவர் பொழுதைக் கழிக்கலாம். மனைவி உட்காரும் அறையும் சாலையைப் பார்த்ததாக இருந்தால், அவர் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார். பின்பக்கத்து அறையில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆகவே அவர் வருவதில்லை. இதைப் புரிந்துகொண்டதும் எலிசபெத் தோழியின் ஏற்பாட்டை மனத்துக்குள் மெச்சிக்கொள்கிறாள்.

அவையோரே, இதை இன்னொரு முறை, இம்முறை சார்லட்டின் பக்கம் நின்று பாருங்கள். புதுமணப்பெண் ஒரு புதிய வீட்டுக்குள் நுழைகிறாள். கணவர் அறை அறையாக அழைத்துச் சென்று, அலமாரிக்குள் தட்டுகள் அமைத்ததுகூடக் காத்தரின் சீமாட்டியின் யோசனைப்படி என்று பெருமை பேசுகிறார். அவள் தலையசைத்துக்கொண்டே நடக்கிறாள். நடக்கும்போது எந்தச் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்தக் கதவு எங்கே திறக்கிறது, இந்த மனிதருக்கு எதில் ஆசை, அந்த ஆசை அவரை நாளில் எத்தனை மணி நேரம் எந்த இடத்தில் நிறுத்தி வைக்கும் என்று கணிக்கிறாள். சண்டை போட்டு அவள் அந்த அறையை வாங்கவில்லை. நீங்கள் இங்கே வராதீர்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. முன்பக்கத்து நல்ல அறையைத் தான் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தனக்குச் சில மணி நேர அமைதியைப் பெற்றுக்கொண்டாள். தோட்ட வேலை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று அவள் மற்றவர்களிடம் பேசுவதும், அவரை இயன்றவரை அதில் ஊக்கப்படுத்துவதாக ஒப்புக்கொள்வதும் இந்த ஏற்பாட்டின் இன்னொரு பாதி. அவர் காலையில் மண்வெட்டியோடு வெளியே, பிறகு படிப்பறையில், அவள் பின்பக்கத்தில் தன் தையலோடும் தன் கணக்குப் புத்தகத்தோடும். காலின்ஸை மறந்துவிட முடிந்த நேரங்களில் அந்த வீட்டில் உண்மையான ஒரு சுகம் நிலவியது என்றும், அவள் முகத்தில் தெரிந்த நிறைவைப் பார்த்தால் அவர் அடிக்கடி மறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எலிசபெத் எண்ணினாள் என்றும் எழுதுகிறார் ஆஸ்டின். எந்தக் கோழி, ஐயா, தன் கூட்டின் சன்னலை இப்படித் தேர்ந்தெடுத்தது?

திரைக்கு வந்தபோதும் இந்த அறைதான் உரைகல். 1940-இல் வந்த ஹாலிவுட் படம் காலின்ஸைப் பாதிரியாராக வைக்காமல் நூலகராக மாற்றிவிட்டது; பாதிரியார் இல்லம் போனால் சார்லட் எதற்காக மணந்தாளோ அந்த அடித்தளமும் போய்விடுகிறது. 1995-இல் பிபிசி எடுத்த ஆறு பகுதித் தொடர் அந்த ஒரு பத்தியின் அருமையை உணர்ந்தது. எலிசபெத் மனத்துக்குள் கண்டுபிடித்ததை அங்கே சார்லட்டே தன் வாயால் சொல்கிறாள். அவர் தோட்டத்தில் இருப்பார், படிப்பறையில் இருப்பார், நாள் முழுவதும் போனாலும் நாங்கள் சேர்ந்திருப்பது சில நிமிடங்களே, அந்தத் தனிமையை என்னால் மகிழ்ச்சியோடு தாங்கிக்கொள்ள முடிகிறது என்கிறாள். அந்தக் காட்சியில் அழுகை இல்லை, குரலில் நடுக்கம் இல்லை. தான் போட்ட கணக்கு சரியாக வந்திருப்பதைத் தோழிக்குத் திறந்து காட்டும் ஒருத்தியின் நிதானம் மட்டுமே இருக்கிறது.

2005-இல் ஜோ ரைட் இயக்கிய படம் வேறு வழியில் போயிற்று. அதில் சார்லட் எலிசபெத்திடம் தன் முடிவைச் சொல்லும்போது பொரிந்து தள்ளுகிறாள். எனக்கு வயது இருபத்தேழு, பணமும் இல்லை, எதிர்காலமும் இல்லை, பெற்றோருக்குப் பாரமாகிவிட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது, என்னை எடைபோடாதே லிசி என்கிறாள். என் அணியில் முதலில் பேசிய சகோதரி இந்த வசனத்தையே சொல்லி உங்கள் இரக்கத்தைக் கேட்டார். அவரை மதிக்கிறேன், ஆனால் இந்த ஒன்றில் அவரோடும் மாறுபடுகிறேன். பயமாக இருக்கிறது என்ற சொல் படத்தினுடையது. நாவலின் சார்லட் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எலிசபெத் “காலின்ஸோடா! என் அருமைச் சார்லட், இருக்கவே முடியாது!” என்று வாய்விட்டுக் கத்தியபோது ஒரு கணம் அவள் முகம் மாறுகிறது, மறுகணமே தேறிக்கொண்டு அமைதியாகப் பேசுகிறாள். கண்ணைத் திறந்துகொண்டே தேர்ந்தெடுத்தாள், இரக்கத்தை அவள் வேண்டுவதாகத் தோன்றவில்லை என்பதே விடைபெறும் நேரத்தில் எலிசபெத் கடைசியாகக் கண்டுகொண்டது. அவள் கேட்காத இரக்கத்தை நானும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது மரியாதை.

இந்த நாவலைக் கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் படித்தபோது சார்லட் எனக்கும் பிடிக்கவில்லை. அந்த வயதில் நாம் எல்லோருமே எலிசபெத். இருபது வயது, கூர்மையான நாக்கு, எதிரே, அவளைக் காதலித்து மணக்கும் செல்வர் டார்சி வரப்போகிறார் என்ற உறுதி. கதை முடிவில் டார்சி வந்தும் விட்டார். அவர் வராமல் போயிருந்தால் எலிசபெத் என்ன ஆகியிருப்பாள் என்று அந்த வயதில் நான் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, டார்சி வராமல் போன ஒருத்தி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். கதைக்குள் மட்டும் இல்லை. கதையை எழுதிய மேசையின் முன்னாலும் இருந்தாள்.

நடுவர் அவர்களே, நேரம் முடியப்போகிறது என்று தெரிகிறது. இதை மட்டும் சொல்ல அனுமதியுங்கள். 1802-ஆம் ஆண்டு டிசம்பர் 2. ஹாம்ப்ஷயரில் மேனிடவுன் என்ற பெரிய வீடு. அந்த வீட்டுப் பெண்கள் ஜேன் ஆஸ்டினின் நீண்ட நாள் தோழியர். அவர்களுடைய தம்பி ஹாரிஸ் பிக்-விதர், பெரிய சொத்துக்கு வாரிசான இருபத்தொரு வயது இளைஞர், அன்று மாலை ஜேனை மணக்கக் கேட்கிறார். ஜேனுக்கு இருபத்தேழு வயது நிறைவடைய இரண்டு வாரம் இருந்தது. சார்லட்டின் வயது. ஜேன் சம்மதிக்கிறார். அந்த வீடு மகிழ்ச்சியோடு உறங்கப் போகிறது. மறுநாள் காலையில் எழுந்து வந்து, தம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அக்காள் கசாண்ட்ராவோடு அங்கிருந்து புறப்பட்டுவிடுகிறார்.

அந்த இரவில் அவர் என்ன நினைத்தார் என்று எழுதிய கடிதம் எதுவும் நம்மிடம் இல்லை. அன்பில்லாமல் மணப்பதைவிட வேறு எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று 1814-இல் அண்ணன் மகள் ஃபேனிக்கு எழுதியவரும் அவரே. திருமணமாகாத பெண்களுக்கு வறுமையில் விழும் கொடிய இயல்பு இருக்கிறது, திருமணத்துக்கு ஆதரவான வலுவான வாதம் அது என்று 1817-இல் அதே ஃபேனிக்கு எழுதியவரும் அவரே. எதிரணியினர் முதல் கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள், இரண்டாவதை விட்டுவிட்டார்கள். இரண்டு கடிதத்துக்கும் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1805-இல் தந்தை இறந்தார். தாயும் இரண்டு மகள்களும் சகோதரர்கள் தரும் பணத்தில் வாழ்ந்தார்கள். வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் மாறி மாறித் தங்கினார்கள். 1809-இல்தான் அண்ணன் எட்வர்ட் சாவ்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். அந்த வீட்டிலிருந்துதான் இந்த நாவல் திருத்தம் பெற்று உலகுக்கு வந்தது. அதன் உரிமையை அவர் 110 பவுனுக்கு விற்றார்.

சார்லட் செய்ததைச் செய்ய மறுத்த பெண் அவர். அதற்குரிய விலையை ஆண்டுதோறும் கொடுத்த பெண். சார்லட்டைத் தண்டிக்க வேறு யாரைவிடவும் அவருக்கு உரிமை இருந்தது. ஒரு வரியில் அவளை அழவைத்திருக்கலாம், நோயில் தள்ளியிருக்கலாம், எலிசபெத்தின் காலில் விழுந்து, தவறு செய்துவிட்டேன் என்று சொல்ல வைத்திருக்கலாம். செய்யவில்லை. அவளுக்குக் கோழிகளைக் கொடுத்தார். கதை முடிவதற்குள், பிறக்கப்போகும் ஒரு குழந்தையைக் கொடுத்தார். எலிசபெத்தை டார்சி மணக்கப்போகும் செய்தி கேட்டு, டார்சியின் தாயோடு பிறந்த காத்தரின் சீமாட்டி சீறியபோது, புயல் அடங்கும் வரை அங்கே இருக்க விரும்பாமல் சார்லட் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தோழிக்குக் கிடைத்த வாழ்வை நினைத்து அவள் உண்மையாகவே மகிழ்ந்தாள் என்று எழுதினார். தனக்குக் கிடைக்காததைத் தோழி பெற்றபோது அப்படி மகிழும் நெஞ்சையும் அவளுக்கு வைத்தார்.

அந்தப் பின்பக்கத்து அறையையும் கொடுத்தார். அது அவருக்குத் தெரிந்த அறை. சாவ்டன் வீட்டில் ஆஸ்டின் எழுதிய இடத்துக்கு ஒரு கதவு இருந்தது. திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஒலிக்கும். அதைச் சரிசெய்ய அவர் சம்மதிக்கவில்லை என்று அவருடைய அண்ணன் மகன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். யாராவது வந்தால் அந்த ஒலி முன்கூட்டியே சொல்லிவிடும்; எழுதிக்கொண்டிருக்கும் சிறிய தாள்களை அதற்குள் மறைத்து வைத்துவிடலாம். ஒரு பெண் கெண்ட் மாகாணத்துப் பாதிரியார் வீட்டில் பின்பக்கத்துச் சன்னலருகே தையலோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் படைத்தவர் ஹாம்ப்ஷயரில் அண்ணன் கொடுத்த வீட்டில், அந்தக் கதவு ஒலிக்கிறதா என்று ஒரு காதை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.